இருபத்து மூன்றாவது கல்

கடைசிக் கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டியபோது அடியில் ஒரு நண்டு இருந்தது. பிள்ளைகள் உள்ளங்கையில் அடங்கிவிடும், அத்தனை சின்னது. சித்திரை மாதம், சுற்றுவட்டாரத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தக் கல்லுக்கு அடியில் மட்டும் ஈரம் இருந்திருக்கிறது. நண்டு கொஞ்ச நேரம் வெயிலில் திகைத்து நின்றது. பிறகு பக்கவாட்டில் ஓடி வரப்புப் பொந்தில் எங்கேயோ போய் மறைந்துவிட்டது. மூன்று வயசான என் மகள் பேச்சி கைதட்டிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே ஒரு போடு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எழுபத்து நாலில் எங்கள் வீட்டில் பாகம் பிரித்த நாள் அது. என் வீட்டுக்காரர் மொக்கச்சாமி. அவருக்கு அண்ணன் பெரியகருப்பன். நான் அவரைப் பெரியவர் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மாமனார் தவசி செத்து வருசம் திரும்பியிருந்தது. போடியிலிருந்து குரங்கணி போகிற வழியில், மலை முடிந்து தரை தொடங்குகிற சரிவில் எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரிக் காடு. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வரப்பு. வரப்புக்கு மேலே மேக்காடு, கீழே கீழ்க்காடு. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்போதுதான் பங்கு வைக்கிறவன் கை கோணாது. பெரியவரும் கோணாமல்தான் வைத்தார். மேக்காட்டில் ஏழு இலவமரம் நின்றது. வருசா வருசம் பஞ்சு. கீழ்க்காட்டில் மரம் கிடையாது. ஆனால் மேலே இருந்து காலங்காலமாக இறங்கின வண்டல் முழங்கை ஆழத்துக்குக் கிடந்தது. மொச்சை போட்டால் ஆள் மறைய வளரும். முதல் நாளே எங்கள் வீட்டுக்காரர் காதில் ஓதிவிட்டேன், கீழ்க்காட்டை எடுங்கள் என்று. எடுத்தார். அவர் பெண்டாட்டி ஒச்சம்மாள் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் சாமான்கள். மாடு ரெண்டு, ஆளுக்கு ஒன்று. மம்பட்டி நாலு, ஆளுக்கு ரெண்டு. அம்மி ஒருத்தருக்கு, குழவி ஒருத்தருக்கு என்கிற அளவுக்குப் போகவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. எல்லாம் முடிந்து எழுந்திருக்கப் போகிற நேரத்தில் ஒச்சம்மாள் அக்கா, அந்த மடைக்கல்லைப் பெயர்த்து மாட்டுக்கொட்டத்தில் பாவினால் சகதி இல்லாமல் இருக்கும் என்று பெரியவரிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். என் காதில் விழுந்துவிட்டது.

கல்மடை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மேக்காட்டில் பெய்கிற மழையும், அதற்கும் மேலே மலையிலிருந்து வழிகிற தண்ணீரும் சேர்ந்து, வரப்பின் தென்கோடியில் ஒரே இடத்தில் கீழ்க்காட்டுக்குள் இறங்கும். அந்த இடத்தில் மாமனார் பலகைக் கற்களைப் படிபடியாக அடுக்கியிருந்தார். தண்ணீர் படிக்குப் படி விழுந்து வேகம் குறைந்து, அடியில் வரும்போது சாதுவாகிவிடும். பிறகு ஓரத்துப் புல்லோடு நடந்துபோய்க் கொட்டகுடி ஆற்றில் சேரும். கல்யாணமாகி வந்த இத்தனை வருசத்தில் அது எதற்காக இருக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தக் கல்லில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறேன், அவ்வளவுதான். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அப்பன் அதை அடுக்கும்போது சின்னப் பிள்ளைகளாம். விளையாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

நான் ஏன் அன்றைக்கு வாயைத் திறந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது மலையில், ஏலக்காட்டு லயத்தில். பத்து வீடு ஒரே கூரை, நடுவில் மறைப்புச் சுவர். அட்டை கடித்துக் கடித்து என் ஆத்தாவின் கெண்டைக்கால் கரியாகக் கறுத்திருக்கும். ஏலச்செடித் தூரில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்து, செத்த அன்றைக்குக்கூட அவளை நேராகக் கிடத்த முடியவில்லை. எங்களுக்கென்று அங்கே ஒன்றும் கிடையாது. குடியிருந்த வீடு எஸ்டேட் வீடு. விறகு எஸ்டேட் விறகு. அடுப்புக்கு வைத்த மூன்று கல்லும் எஸ்டேட் கல். கல்யாணமாகிக் கீழே இறங்கின அன்று, குரங்கணியில் பாதை முடிகிற இடத்தில் திரும்பி நின்று மலையைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன்: இனி என் காலும் ஏறாது, என் வயிற்றில் பிறக்கிறதின் காலும் கூலிக்கு இந்த மலை ஏறாது. அப்படிச் சொல்லிவிட்டு வந்தவளுக்கு, கைக்கெட்டின இடத்தில் கிடக்கிற கல்லை இன்னொருத்தி முழுசாகக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"அதுல பாதி எங்களுக்கும் உண்டுல்ல" என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார். பெரியவர் தலையை ஆட்டினார். நியாயம்தானே, அப்பன் சொத்தில் எது பொது, எது தனி? எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று கல். ஆளுக்குப் பதினொன்று போக ஒன்று மிஞ்சியது. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த பெரிய கல், நான் சொன்னேனே, நண்டு இருந்த கல், அதுதான். நீயே வைத்துக்கொள் என்று ரெண்டு பேரில் ஒருத்தர் சொல்லியிருக்கலாம். ஒச்சம்மாள் அக்கா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெண்டாட்டிகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர்களும் சொல்லவில்லை. சம்மட்டி வந்தது. பெரியவர் உளி பிடித்தார், தம்பி அடித்தார். ஆறாவது அடியில் கல் நடுவில் சுத்தமாகப் பிளந்தது. பங்கு பிரித்துவிட வந்திருந்த வெள்ளைத்துரை மாமா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நல்லவேளை, ஒங்கப்பன் செத்துப்போனான். இருந்தா அவனையும் ரெண்டாக்கியிருப்பீக." எல்லோரும் சிரித்தோம்.

என் பங்குக் கல்லில் ஆறை வாசல்படிக்குப் போட்டேன். அஞ்சை வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற இடத்தில் பாவினேன். அரைக்கல்லைச் சுவரோரமாகச் சாய்த்து, சாயங்காலத்தில் அதில் உட்கார்ந்துதான் பேச்சிக்குத் தலை சீவுவேன். பிளந்த பக்கம் வழவழப்பாக, உள்ளே லேசாக மின்னிக்கொண்டு இருக்கும். அழகாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அந்த வருசம் புரட்டாசியில் முதல் மழை. மறுநாள் காலையில் காட்டுக்குப் போனேன். மடை இருந்த இடத்தில் வரப்பு பிளந்து, ஒரு உழவுசால் அகலத்துக்குக் கீழ்க்காட்டுக்குள் கோடு போட்டமாதிரி ஓடியிருந்தது. ஒரு காலை இந்தப் பக்கம், ஒரு காலை அந்தப் பக்கம் வைத்து நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முள்ளை வெட்டிப் போட்டு, மேலே ரெண்டு கூடை மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, வேற சோலியைப் பார்ப்போம் என்று போய்விட்டார். அடுத்த மழைக்கு முள்ளும் போனது, மண்ணும் போனது, கோடு முழங்கால் ஆழமானது.

தண்ணீர் நிலத்தை எப்படித் தின்னும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மேலே இருந்து வருகிற தண்ணீர் மேலே ஒன்றும் செய்வதில்லை. நல்லபிள்ளையாக வந்து விளிம்பில் எட்டிப் பார்க்கும். விழுகிற இடத்தில்தான் அதன் வேலை. விழுந்து விழுந்து அடியில் ஒரு குழி பறிக்கும். குழி பின்பக்கமாக, உள்ளுக்குள், வரப்பின் அடியில் போகும். மேலே மண் அப்படியே நிற்கும், புல் முளைத்து, பூப்பூத்துக்கூட நிற்கும். ஒரு நாள் பார்த்தால் ரெண்டு கை விரித்த அளவுக்கு, ஒரு பாகத்துக்கு மண் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் அதை வாரிக்கொண்டுபோய்க் கீழே விரித்துவிட்டு, இப்போது ஒரு பாகம் மேலே நின்று விழும். மறுபடி குழி. ஓடை என்றால் மேலே இருந்து கீழே வருவது என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறோம். இது கீழே இருந்து மேலே ஏறியது. வரப்பைத் தின்றுவிட்டு மேக்காட்டுக்குள் நுழைந்து, இலவமரங்களைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

எழுபத்தாறில் அதில் பேச்சி இறங்கி நின்றால் தலை தெரியாது. எழுபத்தேழு ஐப்பசி கடைசியில் ஒரு மழை பிடித்தது பாருங்கள், மூன்று நாள், போடிக்கே பஸ்சு வரவில்லை. மலையில் எங்கே பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் தொங்கியது. நாலாம் நாள் வெயில் அடித்ததும் காட்டுக்கு ஓடினோம். ஓடை எங்கள் கீழ்க்காட்டை நெடுக ரெண்டாக வகுந்திருந்தது. வண்டி மாட்டோடு உள்ளே இறங்கினாலும் வெளியே தெரியாது, அத்தனை ஆழம். ஒரு பக்கத்தில் வண்டல் முழுக்க வழித்துக்கொண்டு போய் அடியில் வெள்ளைக் களி பல்லைக் காட்டியது. இன்னொரு பக்கத்தில் மேக்காட்டுச் சரளை முழங்காலுக்குக் கொட்டிக் கிடந்தது. மொச்சை பூவெடுத்து நின்ற காடு. நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அவர் ஓடைக்குள் இறங்கி நடந்துகொண்டே இருந்தார். தலை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

அன்றைக்கே கல்லைக் கொண்டுபோய் வைத்திருக்கலாம் என்று கேட்பீர்கள். கேட்டார்கள், ஊரே கேட்டது. நான் போய் ஒச்சம்மாள் அக்காவிடம் பேசவும் செய்தேன். உங்கள் கல்லைக் கொண்டாங்க, எங்கள் கல்லை நாங்கள் கொண்டுவருகிறோம் என்றேன். தண்ணீர் அவர்கள் காட்டிலிருந்துதானே வருகிறது, அவர்கள்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது எங்கள் பேச்சு. மண் எங்கள் காட்டில்தானே போனது, அரிப்பு அங்கேதானே ஆரம்பித்தது, அதனால் நாங்கள்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. பேசிப் பேசி, பாதிக் கல் கேட்டவள் எவள் என்பதில் வந்து நின்றது. மாட்டுக்கொட்டத்துக்கு ஆசைப்பட்டவள் எவள் என்று நான் திருப்பினேன். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்போம், வாளி மாற்றிக்கொள்ளும்போதுகூட முகத்தைப் பார்க்க மாட்டோம். ரெண்டு வருசம் அப்படியே போனது. ஓடை அதுபாட்டுக்கு அதன் சோலியைப் பார்த்தது.

எழுபத்தொன்பது கார்த்திகையில் முதல் இலவமரம் விழுந்தது. மழைகூட இல்லை அன்றைக்கு. பட்டப்பகலில், காற்றில்லாமல், தானாகச் சாய்ந்து ஓடைக்குள் தலைகீழாக விழுந்தது. வேர் முழுக்க வெளியே வந்து, பிடிமண் ஒட்டிக்கொண்டு ஆடியது. சாயங்காலம் பெரியவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அஞ்சு வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வருகிறார். நான் போட்ட படிக்கல்லில் ஏறாமல், அதற்கு முன்னால் மண்ணில் நின்றார்.

"தம்பி இருக்கானா ஆத்தா?"

என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். பிறகு பெரியவர், "அந்தக் கல்லைக் கொண்டுபோய் வச்சிருவமாடா" என்றார். என் வீட்டுக்காரர் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்து வாசல்படியின் முதல் கல்லை நெம்பத் தொடங்கினார். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். சந்தோசமா துக்கமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மறுநாள் வண்டியில் கல் போனது. மாட்டுக்கொட்டத்திலிருந்து பதினொன்று, எங்கள் வீட்டிலிருந்து பதினொன்று, அரைத் துண்டு ரெண்டு. ஒச்சம்மாள் அக்காவும் நானும் வண்டிக்குப் பின்னால் பேசாமல் நடந்தோம். பாதி வழியில் அவள் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துப் பாதி கிழித்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஓடைக்குள் அண்ணனும் தம்பியும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஓடி ஓடி வேலை செய்தார்கள். அடியில் அந்த ரெண்டு துண்டையும் முதலில் சேர்த்து வைத்தார்கள். பிளந்த பக்கம் ஒன்றோடு ஒன்று பொருந்தி உட்கார்ந்தது. நடுவில் மயிர்க்கோடு மாதிரி ஒரு வரிதான் தெரிந்தது. அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். கடைசிக் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அது ஓடையில் பாதி உயரத்துக்குக்கூட வரவில்லை. அகலத்தில் கால்வாசி. ரெண்டு பக்கமும் வெறும் மண் சுவர் ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. மாமனார் வைத்தபோது அது ஒரு உழவுசால்தானே. இருபத்து மூன்று கல் போதும் என்று அவர் வைத்தார். நாங்கள் கல்லை அப்படியே திருப்பிக்கொண்டுவந்து வைத்துவிட்டோம். ஓடை மட்டும் பழைய ஓடையாக இல்லை.

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்து, கைக்குக் கிடைத்த உருட்டுக்கல்லை எல்லாம் பொறுக்கி இடுக்குகளில் சொருகினார். எங்கள் வீட்டுக்காரர் போதும் வாங்கண்ணே என்று சொல்லும்வரை சொருகிக்கொண்டே இருந்தார். மார்கழியில் ஒரு காலம் தப்பின மழை வந்தது. தண்ணீர் கல்லைத் தொடவே இல்லை. பக்கவாட்டில் மண்ணைக் குடைந்து சுற்றிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் கல் அடுக்கு அந்தரத்தில் நின்று, சரிந்து, உருண்டது. அந்தச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. ஆற்றங்கரையில் நாலஞ்சு கல் பிறகு அகப்பட்டன. மற்றது எங்கே போனதோ. கட்டிக் காத்த காலம் போய், கெட்ட பிறகு கட்டப் போனால் இப்படித்தான்.

அதற்கப்புறம் சொல்ல என்ன இருக்கிறது. வருசத்துக்கு ஒரு மரம், சில வருசத்துக்கு ரெண்டு மரம். எண்பத்திரண்டில் கடைசி இலவமும் போனபோது மேக்காட்டில் ஓடை போக மிஞ்சியது ஒரு வண்டி திருப்புகிற இடம். பெரியவரும் அக்காவும் ஏலக்காட்டு வேலைக்குப் போடிமெட்டு ஜீப்பில் ஏறினார்கள். ஒரு காலத்தில் மேக்காட்டில் பஞ்சு உடைக்கக் கூலியாள் வைத்திருந்த குடும்பம். போகிற அன்றைக்கு ஒச்சம்மாள் அக்கா துணி மூட்டையோடு என் வீட்டுக்கு வந்தாள். படிக்கல் போன இடத்தில் குழி அப்படியே இருந்தது, அதைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தாள். காப்பித்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"தண்ணிய ஏன்டி சொல்லணும், வேலுத்தாயி? நம்ம ரெண்டு பேரு வாயிதேன்டி அந்த ஓடை."

அவள் மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் விடவில்லை. விடிந்ததும் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போவார். முள் வெட்டிப் போடுவார், கல் பொறுக்கிப் போடுவார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று தெரிந்தும் போவார். ஊரில் சில பேர் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். கிறுக்கு இல்லை. அவருக்கு வேறு சோலி தெரியாது, அவ்வளவுதான். நான் ராசிங்காபுரம் பக்கம் களையெடுக்கவும் கடலை பிடுங்கவும் போய்ப் பார்த்தேன். எண்பத்து மூன்றில் மழை பொய்த்தது. ஓடைக்கு மட்டும் அதுவரை தப்பாமல் வந்த மழை. அங்கேயும் வேலை இல்லை. பேச்சி ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். குரங்கணி எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு வீதியில் வந்தபோது நான் கேட்காத மாதிரி அரிசி புடைத்தேன். புடைக்கிற அரிசி நாழிகூட இல்லை. பேச்சி முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயசு.

"நானும் வர்றேன் ஆத்தா" என்றாள். நான் இன்னும் போகிறேன் என்றே சொல்லவில்லை.

எண்பத்து நாலு ஆடி மாதம் ரெண்டு பேரும் மலை ஏறினோம். குரங்கணியில் பாதை தொடங்குகிற இடத்தில், கல்யாணத்தன்று நான் திரும்பி நின்று சபதம் பேசின அதே இடத்தில், பேச்சி மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. வெரசா வா என்று சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தேன். உச்சியை நெருங்கும்போது அவளே காட்டினாள்: அங்கே பார் ஆத்தா, நம்ம ஓடை. கீழே பச்சைக்கும் செம்மண்ணுக்கும் நடுவில், மேலே ரெண்டு கிளையாக ஆரம்பித்து ஆறுவரை ஒரு வெள்ளைக் கீறல் தெரிந்தது. பக்கத்துக் காடுகளிலும் அதிலிருந்து சின்னச் சின்னக் கீறல்கள் கிளம்பியிருந்தன. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழே நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

கங்காணி கண்ணுச்சாமி கெட்டவர் இல்லை. என் ஆத்தாவைத் தெரிந்தவர். பேச்சியின் காலில் மூக்குப்பொடியும் எண்ணெயும் குழைத்துப் பூசச் சொன்னதே அவர்தான், அட்டை ஏறாமல் இருக்க. எனக்கு மம்பட்டியைக் கொடுத்து, ஏலச்செடிகளுக்கு நடுவில் சால் எடுக்கச் சொன்னார். தண்ணீர் தேங்கினால் தூர் அழுகிவிடும், காய் கறுத்துவிடும். வழிந்து கீழே போய்விட வேண்டும். எஸ்டேட் போடி பக்கத்துச் சரிவில் இருந்தது, அங்கே வழிகிற தண்ணீர் எங்கள் காட்டுப் பக்கம்தான் இறங்கும். நான் குறுக்கே வளைத்து வெட்டத் தொடங்கினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "சரிவுக்கு நேரா வெட்டு தாயி" என்றார். நேரே வெட்டினேன். பேச்சி எனக்கு முன்னால் குனிந்து சருகு வாரிக்கொண்டே போனாள். முதுகு எலும்பு ரவிக்கைக்கு மேலே ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் நிமிர்ந்துக்கடி, நிமிர்ந்துக்கடி என்று ரெண்டு தரம் சொன்னேன். நிமிர்வாள், மறுபடி குனிந்துவிடுவாள், வேலை அப்படி.

மத்தியானத்துக்கு மேலே சாரல் பெரிய மழையானது. தண்ணீர் நான் வெட்டின சால் வழியைக் கண்டுபிடித்து இறங்கியது. ஒரு முழம் தணிந்த இடம் ஒன்று இருந்தது, பாறையை ஒட்டி. அங்கே போய் விழுந்து, குழி பறிக்க ஆரம்பித்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பேச்சிக்கும் தெரிந்திருக்க வேண்டும், சருகுக்கூடையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு தட்டைக்கல் கிடந்தது. நான் அதைத் தூக்கி வந்து விழுகிற இடத்தில் சாய்த்து வைத்தேன். தண்ணீர் அதன்மேல் விழுந்து விரிந்து, சத்தமில்லாமல் வழிந்தது.

கண்ணுச்சாமி குடையோடு வந்து நின்றார். கல்லுக்குப் பின்னால் தண்ணீர் கொஞ்சம் ஏறி, பக்கத்து ஏலத்தூரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கல்லை எடுத்திரு வேலுத்தாயி. தண்ணி நிக்கிது பாரு."

"கீழ அறுத்துக்கிட்டுப் போயிரும்ணே."

"கீழ போனா நமக்கென்ன? நம்ம காடா அது?"

அவர் தப்பாகச் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த வேலை தூர் அழுகாமல் பார்ப்பது. பேச்சி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் காட்டைக் கை நீட்டிக் காட்டலாம் என்றால் அந்தப் பக்கம் முழுக்க மேகம் மூடியிருந்தது. அங்கே இந்நேரம் எங்கள் வீட்டுக்காரர் கோணியைப் போட்டுக்கொண்டு மம்பட்டியோடு நின்றிருப்பார். நான் குனிந்து கல்லின் அடியில் ரெண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். கல்லை எடுப்பது இந்தக் கைக்கு முதல் தடவை ஒன்றும் இல்லை, பழக்கம்தான். அடியில் நண்டெல்லாம் இல்லை, சேறுதான்.

தண்ணீர் மறுபடி விழுந்தது. அடியில் மண் கரைந்து கரைந்து, விளிம்பில் ஒரு பிடி மண் மட்டும் கீழே ஒன்றும் இல்லாமல், ஒரு ஏலவேரைப் பிடித்துக்கொண்டு நின்றது. பேச்சி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல் என் மடியிலேயே இருந்தது. அந்தப் பிடி மண் ஆடிக்கொண்டிருந்தது.